வேலி உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்

என் தங்கையின் கணவர் நைரோபியில் ஒரு மருந்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஐந்தாண்டுகளாக அழைத்துக்கொண்டிருக்கிறார். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற ஆண்டு இது. எனக்கும் மே மாதம் கல்லூரி விடுமுறை. "மச்சான், இனிமே சாக்குச் சொல்லாதீங்க. விமானச் செலவு மட்டும் உங்களது. மசாய் மாராவில தங்கறதுக்கு நாலு இடம் அனுப்பியிருக்கேன். ஒண்ண மட்டும் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்க, மத்தது என் பொறுப்பு" என்றார். மின்னஞ்சல் வந்து மூன்று வாரமாகிறது. இன்னும் பதில் எழுதவில்லை.

மாணவர்களின் தேர்வுத்தாள் திருத்துவதில்கூட நான் இவ்வளவு தாமதம் செய்வதில்லை. நான்கு விடுதிகளில் ஒன்றைச் சுட்டிக்காட்ட ஒரு மனிதனுக்கு ஏன் மூன்று வாரம் தேவைப்படுகிறது என்று என் மனைவிக்குப் புரியவில்லை. காரணம் கென்யாவில் இல்லை, மசினகுடியில் இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. "அந்த வேலியா?" என்றாள்.

அதற்குமுன் தொழில்சார்ந்த ஒரு சிறு விலகல். 'சஃபாரி' என்பது சுவாஹிலியில் வெறுமனே பயணம் என்று பொருள்படும். அரபியின் 'சஃபர்' வழியாக வந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடல்கடந்து பிழைக்கப் போவதை இன்றும் 'சபர்' என்பார்கள். பயணம் போகிறவனுக்கு எங்கே தங்கலாம், எங்கே தங்கக்கூடாது என்று சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை வைத்திருந்தவர்கள் நாம். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் எங்கள் மாவட்டத்துப் பாட்டு. நன்னனின் செங்கண்மா, திருவண்ணாமலையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இன்றைய செங்கம் என்பர். 583 அடிகளில் பெரும்பகுதி வழிச்செய்திதான். எந்தச் சரிவில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே பாம்பு கிடக்கும், எந்த ஊரில் சோறு கிடைக்கும், இருட்டினால் எந்தக் குகையில் ஒதுங்கலாம் என்று ஒரு கூத்தன் இன்னொரு கூத்தனுக்குச் சொல்கிறான். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது உங்கள்மேல் பட்டுவிடாமல் மரத்தை அண்டி நடங்கள் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஆண்டுதோறும் இதை வகுப்பில் நடத்துகிறேன். யானையின் வழியும் கூத்தனின் வழியும் ஒன்றாக இருந்த நிலம் அது என்பது பல ஆண்டுகள் என் மண்டையில் ஏறவில்லை.

2012 மே மாதம். மகளுக்கு நான்கு வயது. அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அதுவரை யானையைக் கோயில் வாசலில் மட்டுமே பார்த்தவர். முதுமலைக்குப் போகலாம் என்று முடிவானதும் தங்குமிடம் தேடினேன். தெப்பக்காட்டில் வனத்துறையின் அறைகள் இருந்தன; எளிமையானவை, விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். தனியார் விடுதி ஒன்றின் விளம்பரமோ 'அறைத் திண்ணையில் அமர்ந்தபடியே யானைகளைக் காணலாம்' என்றது. இரண்டு மாதச் சேமிப்பு. யோசிக்காமல் பணம் கட்டினேன்.

விளம்பரம் பொய் சொல்லவில்லை. இரவு எட்டரை மணிக்கு ஒரு பணியாளர் கதவைத் தட்டி, "வந்திருக்கு சார்" என்றார். விடுதியைச் சுற்றி மின்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர், அதன் பக்கத்தில் கல்லுப்பு கொட்டி வைத்திருந்தார்கள். பெரிய விளக்கைப் போட்டதும் வெளிச்சத்தில் ஒரு பெண் யானையும் அதன் காலுக்கிடையில் ஒரு குட்டியும் நின்றன. பக்கத்து அறைக்காரர்கள் கைதட்டினார்கள். நானும் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு காட்டினேன்.

யானை உப்பைத் தொடவில்லை. வேலியருகே வந்து, துதிக்கையைக் கம்பிக்கு ஒரு சாண் தூரம்வரை நீட்டி, அங்கேயே நிறுத்தியது. கம்பியில் 'டக், டக்' என்று மின்துடிப்பின் ஓசை எங்களுக்கே கேட்டது. அது நாங்கள் இருந்த திசையைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் இருக்கும். பிறகு வேலியை ஒட்டியே நடந்து போனது, குட்டி பின்னால் ஓடியது.

ஜீப் ஓட்டிய பையன், மசினகுடிக்காரன், அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னான்: "அதுங்க சீகூர் ஆத்துக்கு எறங்குற வழி இதுதாங்க ஐயா. இந்த பில்டிங் வர்றதுக்கு முன்னாடி நேரா போயிரும்."

மறுநாள் விடியற்காலையில் அப்பாவைக் காணவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையோரமாக நடந்து போய்விட்டு ஏழு மணிக்குத் திரும்பினார். எங்கள் விடுதி வேலி முடிகிற இடத்தில் அடுத்த விடுதியின் வேலி தொடங்குகிறது, அது முடிந்ததும் இன்னொன்று, நடுவில் ஒரு லாரி போகிற அகலத்துக்குச் சந்து என்றார். "ஏம்பா, அவ்ளோ பெரிய ஒடம்புக்கு இந்தச் சந்துதானா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. காலைச் சிற்றுண்டி நேரம் முடிந்துவிடும் என்று அவசரப்படுத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

நாங்கள் படுத்துறங்கிய நிலம் என்னவென்பது பின்னால்தான் தெரிந்தது. நீலகிரியின் வடசரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடைப்பட்டது சீகூர் பீடபூமி. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கிற இடம். ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பில், ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக அவற்றுக்குள்ள குறுகிய கழுத்து அது. தமிழக அரசு 2010 ஆகஸ்ட் 31 அன்று அதை யானை வழித்தடமாக அறிவித்திருந்தது. விடுதி உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருந்த காலத்தில்தான் நான் பணம் கட்டி அறை எடுத்திருக்கிறேன். செய்தித்தாள் படிக்காதவன் அல்ல நான். விளம்பரத்தைப் படித்த கவனத்தோடு அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு, 2013 ஆகஸ்டில், எங்கள் மாவட்டத்துக்கே யானைகள் வந்தன என்ற செய்தி பெரிதானது. நெடுநாளாகக் கரும்புக்கும் நெல்லுக்கும் இடையே சுற்றித் திரிந்த 6 யானைகளைக் கும்கிகளைக் கொண்டுவந்து, மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரிகளில் ஏற்றி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். பயிரை இழந்தவர்களுக்கு நிம்மதி. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இதுங்களுக்கு யாரும் ரூம் போட்டுக் குடுக்கல போலிருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் உறைத்தது.

2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி வழித்தடத்திலிருந்த விடுதிகளுக்கு முத்திரை வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. வழித்தடம் செல்லும் என்று உறுதியாயிற்று. விடுதிக்காரர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைந்தது. அப்பா அதைப் பார்க்க இல்லை, 2019இல் போய்விட்டார். முத்திரை வைத்த செய்தி வந்தபோது அந்த ஜீப் பையனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மகிழ்ச்சியாகப் பேசுவான் என்று ஏன் எதிர்பார்த்தேனோ! "வேலை போச்சு சார். யானைக்கு வழி கெடச்சது, எங்களுக்கு?" என்றான். பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மூன்று இரவுக்குப் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பியவன் நான்.

2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்குமிடத்தருகே வந்த யானையின்மீது எரியும் பொருளை எறிந்த காட்சி நாடெங்கும் பரவியது. அந்த யானை அதற்குள் இறந்திருந்தது. நான் அதை ஒருமுறைதான் பார்த்தேன். அதே ஆண்டில் ரிவால்டோ என்று ஊர்க்காரர்கள் பெயரிட்டிருந்த யானையை மே மாதம் வாழைத்தோட்டத்தில் மரக்கூண்டில் அடைத்து, ஆகஸ்டில் தொலைவான காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது நடந்தே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. தங்குமிடத் தேர்வில் அதற்குக் குழப்பமே இல்லை.

இனி நைரோபிப் பட்டியலுக்கு வருகிறேன்.

முதலாவது, காப்பகத்துக்குள் ஆற்றங்கரையில் ஒரு பெரிய விடுதி. 'வில்டெபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடப்பதை அறையிலிருந்தே காணலாம்.' இந்த வாக்கியத்தைப் படித்ததும் மேலே படிக்க முடியவில்லை. (அந்தக் கூட்டம் செரெங்கெட்டியிலிருந்து மாராவுக்கு வருவது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை. மே மாதத்தில் போகிற எனக்கு அறையிலிருந்து ஆறு மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளை கணக்கர்தான், ஆனாலும் இதைக் கவனிக்கவில்லை.) அப்படியொரு ஆடம்பர விடுதி 2025 ஆகஸ்டில் மாராவில் திறந்தபோது, அது விலங்குகளின் வலசைப் பாதையில் நிற்கிறது என்று அங்கும் வழக்கு வந்தது, விடுதித் தரப்பு மறுத்தது. படித்தபோது சீகூர்க் கோப்பை வேறொரு மொழியில் படிப்பதுபோல் இருந்தது.

இரண்டாவது, அபர்டேர் மலைக்காட்டில் நீர்த்துறையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு விடுதி. மாராவுக்கு வழியில் ஓர் இரவு தங்கலாம் என்று சேர்த்திருக்கிறார். அந்தக் காட்டில்தான் ட்ரீடாப்ஸ் இருந்தது. 1932இல் ஓர் அத்திமரத்தின்மேல் கட்டியது. 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே இரவு தங்கியிருந்தபோதுதான் இங்கிலாந்தில் அவர் தந்தை இறந்தார். அன்று உடனிருந்தவர் நம் குமாயூன் ஜிம் கார்பெட். 1954இல் மாவ் மாவ் கிளர்ச்சியின்போது எரிந்தது, மீண்டும் கட்டினார்கள், 2021இல் மூடினார்கள். அங்கேயும் விலங்குகளை வரவழைக்க உப்பு வைத்தார்கள். உப்பைப் படித்ததும் இரண்டாவதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது, தாலெக் வாயிலுக்கு வெளியே ஒரு சிறிய விடுதி. மலிவு. ஆனால் காப்பகக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 2024 முதல் ஆண்டின் முதல் பாதியில் நாளொன்றுக்கு 100 டாலர், மறுபாதியில் 200. காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் அது செல்லும். வெளியே தங்கினால் உள்ளே போகிற ஒவ்வொரு நாளும் அதைக் கட்டவேண்டும். அறையில் மிச்சப்படுத்தியது வாயிலில் போய்விடும்.

நான்காவது, காப்பகத்தை ஒட்டிய மசாய் மக்களின் நிலத்தில் சில கூடாரங்கள். அங்கே நிலம் மசாய் குடும்பங்களுடையது. பல குடும்பங்கள் சேர்ந்து நிலத்தைக் காட்டுயிருக்கு விட்டு, முகாம் நடத்துபவர்களிடம் மாதந்தோறும் குத்தகைப் பணம் வாங்குகின்றன. இவ்வளவு ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று வரம்பு உண்டு. இதிலும் குறை இல்லாமலில்லை: தம் மாடுகளைத் தம் நிலத்திலேயே எங்கே, எப்போது மேய்ப்பது என்று அக்குடும்பங்கள் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அந்த ஜீப் பையன் கேட்ட கேள்விக்கு யாரோ பதில் தேட முயன்றிருக்கிறார்கள். விலைதான் கண்ணைக் கட்டியது. மற்ற இடத்தில் நான்கு இரவு தங்கும் பணத்துக்கு இங்கே இரண்டு இரவுதான்.

நான் யாரையும் பழிக்க உரிமையுள்ள ஊர்க்காரனும் இல்லை. பௌர்ணமிக்கு முன்தினம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தெரிந்தவர்கள் கூப்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, அறையிலிருந்து மலை தெரியுமா?" தெரிகிற இடமாகப் பார்த்துச் சொல்வேன். எங்கள் மொட்டைமாடியிலிருந்து மலை முழுதாகத் தெரிந்தது, தீபத்தன்று அம்மா அங்கிருந்தே கும்பிடுவாள். 2014இல் எதிரே நான்கு மாடி விடுதி எழும்பியது. அதன் பலகையில் 'மலை தெரியும் அறைகள்' என்றே எழுதியிருக்கிறார்கள். இப்போது தீபத்தைப் பார்க்க அம்மாவைத் தெருமுனைக்கு அழைத்துப் போகிறோம்.

நேற்றிரவு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "நாலாவது இடத்துக்கு வேலி உண்டான்னு கேட்டுச் சொல்லுங்க மாப்பிள்ளை. உப்பு வைப்பாங்களான்னும் கேளுங்க."

"என்ன மச்சான், எல்லாரும் நீச்சல்குளம் இருக்கான்னு கேப்பாங்க!" என்று சிரித்தார். அரைமணியில் திரும்ப அழைத்தார். வேலி கிடையாது, உப்பும் கிடையாது. இருட்டிய பிறகு கூடாரத்தைவிட்டுத் தனியாக வெளியே வரக்கூடாது. சாப்பாட்டுக்குப் போகவும் வரவும் மசாய் காவலர் ஒருவர் உடன் வருவார். இரவில் யானையோ நீர்யானையோ கூடாரங்களுக்கு இடையில் நடந்து போகும், சத்தம் கேட்டால் பேசாமல் படுத்திருக்க வேண்டும்.

மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வேலியே இல்லாத எடத்துல வயசுப் பொண்ண வச்சிக்கிட்டு எப்படிங்க தூங்கறது?" என்றாள். அவள் பயம் விளையாட்டல்ல. மசினகுடியில் அன்று எங்களைத் தூங்கவைத்ததும் அந்த மின்கம்பிதான் என்பதை நான் மறுக்க முடியாது. மகளிடம் அந்த இரவு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "அந்த லைட்டு மட்டும் ஞாபகம் இருக்குப்பா. கண்ணு கூசிச்சு. யானையெல்லாம் ஞாபகம் இல்ல" என்றாள்.

பேச்சு பதினொரு மணிவரை போனது. இரண்டு இரவு, நான்காவது இடம், மனைவியின் கட்டில் நடுவில், கூடாரத்தில் விசில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு முடிவாயிற்று. பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மூவரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். அன்றைக்கு வேளச்சேரியில் அவளுடைய அக்கா வீட்டுக்கும் போய்விட்டு வரலாம் என்கிறாள். மாப்பிள்ளைக்கு இனிமேல்தான் பதில் எழுத வேண்டும்.