கட்டிலைத் திருப்பினோம்

கொல்லிமலை ஏறுவோர் காளப்பநாயக்கன்பட்டியில் நெடுநேரம் தங்குவதில்லை. காரவள்ளிக்கு அப்பாலுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளே அவர்தம் நினைவு. அவ்வூரில் நோயுற்ற முதிய தாய் ஒருவரைக் காணச் சென்றேன். கட்டில் வெறுஞ்சுவரை நோக்கிக் கிடந்தது. அருகே ஓயாத தொலைக்காட்சி. “ராத்திரி கண்ணே மூடறதில்லைங்க சாமி” என்றார்.

அமெரிக்க அறிஞர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. பித்தப்பை அறுவைக்குப்பின் சன்னல்வழி மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரினும் சராசரியாக முக்கால் நாள் முந்தி வீடு திரும்பினராம். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டதாம். முக்கால் நாள்தானே என்னாதீர். படுத்திருப்பவருக்கன்றோ அதன் நீளம் தெரியும்!

மகனும் நானும் கட்டிலைத் திருப்பினோம். சன்னலை அடைத்திருந்த மூட்டைகளை நகர்த்தியதுதான் பெரும்பாடு. மறுமுறை சென்றபோது தொலைக்காட்சி அணைந்திருந்தது. “அதோ பாருங்க சாமி, மலைமேல மேகம் இறங்குது” என்று எனக்குக் காட்டினார்.