பிழையின் பிறப்பிடம்

யான் கல்லூரியிற் கற்ற காலத்திலே எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தின் பின்புறத்திலுள்ள விடையைப் பார்த்து, கணக்கின் கடைசி வரியை மாத்திரம் மாற்றி எழுதும் எமது கள்ளத்தனம் அவரிடம் செல்லாது. அவர் விடையை முதலிற் பார்ப்பதேயில்லை. மேலிருந்து வரிவரியாக இறங்கி வந்து, தவறு முதன்முதற் புகுந்த வரியின் கீழே சிவப்பு மையாற் கோடிடுவார். "தம்பி, இஞ்சை திருத்து, கீழை எல்லாம் தானாய்ச் சரிவரும்" என்பார். அக்கோட்டின் பெறுமதியை யான் உணர்ந்தது, மென்பொருள் எழுதுந் தொழிலில் அமர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரேயாம்.

யான் பணியாற்றிய நிறுவனம் உரைதிருத்தி ஒன்றை ஆக்கிப் பராமரித்து வந்தது. கணினியிலே உரையைத் தட்டச்சிடவும், அதில் ஒரு சொல்லைத் தேடவும் மாற்றவும் உதவுஞ் செய்நிரலே உரைதிருத்தி. ஒருநாள் முதியவர் ஒருவரிடமிருந்து முறைப்பாடு வந்தது. அவர் தமது குடும்பத்தின் வமிசாவளியைப் பல மாதங்களாகத் தமிழிலே தட்டச்சிட்டிருந்தார். அதிலே பிழையாக எழுதிய ஒரு பெயரைத் தேடி மாற்றுமாறு செய்நிரலைப் பணித்தார். அப்பெயர் மாறவில்லை, வெகுதூரத்திலிருந்த வேறு பெயர்கள் சிதைந்தன. அதனைக் கவனியாது அவர் கோப்பைச் சேமித்தும் விட்டார். "என் தந்தையாரின் உடன்பிறந்தார் பெயர்களை இனி யாரிடம் கேட்பேன்?" என்பது அவர் கடிதத்தின் ஈற்று வரி.

காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. "அம்மா" என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலக்கண முறைப்படி அதில் எழுத்து மூன்று. 1991ஆம் ஆண்டில் முதற் பதிப்பு வெளியான யூனிக்கோட் முறையிலே அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் எனக் குறிகள் ஐந்து. 1992இல் கென் தொம்சன், ரொப் பைக் என்னும் இருவர் வகுத்த யூரிஎவ்-8 முறையிற் கோப்பாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்றுக்களாகப் பதினைந்து பைற்றுக்கள். ஆங்கில எழுத்துக்கும் அரபு இலக்கத்துக்கும் சொல்லிடைவெளிக்கும் ஒரு பைற்றே போதும்.

எமது செய்நிரலில், தேடும் பகுதி தான் கண்ட இடத்தைப் பைற்றுக் கணக்கிற் கூறிற்று. மாற்றும் பகுதியோ அவ்வெண்ணைக் குறிக் கணக்கென்று கொண்டது. ஒரு பெயருக்கு முன்னே நூறு தமிழ்க் குறிகள் இருப்பின், தேடும் பகுதி முந்நூறு என்னும். மாற்றும் பகுதி முந்நூறு குறிகளைக் கடந்துபோய் அங்கிருந்ததை அழிக்கும். ஆங்கிலத்தில் இரு கணக்கும் ஒன்றேயாதலின் பல ஆண்டுகளாக எவருக்கும் இக்குறை புலப்படவில்லை. இரண்டும் செய்நிரலில் வெறும் முழுவெண்களே. கொத்தையும் இறாத்தலையும் கூட்டினால் அங்காடிக்காரன் நகைப்பான். கணினி நகைக்காது, கூட்டித் தந்துவிடும்.

யான் முதலிற் செய்த திருத்தத்தைச் சொல்ல இன்றும் வெட்கமாயிருக்கிறது. மாற்றும் பகுதியிலே, வந்த எண்ணை மூன்றால் வகுத்துவிட்டேன். தனித் தமிழ்ச் சொல்லொன்றிற் சோதித்தேன், சரிவந்தது. வெளியிட்டோம். மறு கிழமையே அடுத்த முறைப்பாடு வந்தது. "அம்மா 1958" என எழுதினாற் பைற்று இருபது, குறி பத்து. இருபதை மூன்றால் வகுத்தாற் பத்து வருமா? கொப்பியின் கடைசி வரியை மாற்றிவைத்த அதே சிறுவனாகவே யான் நின்றேன்.

ஆசிரியரின் சிவப்புக் கோட்டின்படி தேடும் பகுதியையே திருத்தப் புறப்பட்டேன். அப்போது என்னுடன் பணிபுரிந்த மூத்தவர் ஒருவர் தடுத்தார். தேடும் பகுதி தரும் பைற்றுக் கணக்கை நம்பி வெளியார் பலர் துணைச் செய்நிரல்கள் எழுதியிருந்தனர். அவற்றுள் அதனைப் பைற்றாகவே முறைப்படி கையாண்டவையும் உண்டு. எண்ணின் பொருளை மாற்றினால், பிழை செய்யாதவர்களின் ஆக்கங்கள் பிழைபடும்.

இவ்விடயத்திற் பெரியோர் சென்ற வழிகளும் இருவேறு. விம் என்னும் புகழ்பெற்ற உரைதிருத்தி, பைற்று எண்ணும் பழைய சார்பை அவ்வாறே விட்டு, குறி எண்ணப் புதியதொன்றைச் சேர்த்தது. பைதன் மொழியினரோ, 2008இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் உரையையும் பைற்றுத் தொடரையும் வெவ்வேறு தரவு வகைகளாகப் பிரித்தனர். பழைய செய்நிரல்கள் பல அதிலே இயங்காமற்போயின. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முடிவுற 2020ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. முன்னது எவரையும் வருத்தாது; ஆயின் பழைய குழியை மூடுவதுமில்லை. பின்னது குழியை மூடும். ஆயின் வழிப்போக்கர் எல்லோரையும் சுற்றிவரச் செய்யும்.

நாம் இரண்டிலும் ஒவ்வொரு பாதியை எடுத்தோம். வெளியார் நம்பிய பழைய பெயரைத் தொடவில்லை. உள்ளே, பைற்று இடமும் குறி இடமும் வெவ்வேறு தரவு வகைகள் என விதித்தோம். ஒன்றை மற்றதன் இடத்திலே கொடுத்தால், செய்நிரலை மொழிபெயர்க்குங் கருவியே மறுத்துவிடும். அவ்விதியை இட்ட அன்றே, யாம் ஐயுறாத வேறு இடங்களிலும் அதே கலப்பு ஒளிந்திருந்தமை வெளிப்பட்டது. எவரும் இன்னும் முறைப்பாடு செய்யாத பிழைகள் அவை.

முதியவர் முன்னொருகால் அச்செடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து பெரும்பாலான பெயர்கள் மீண்டன. சில மீளவில்லை. யான் முதலிலேயே ஒழுங்காகத் திருத்தியிருப்பினும் அவை மீண்டிரா. ஆயினும் இரண்டாவது முறைப்பாட்டை எழுதியவருக்கு நேர்ந்த நட்டம் நேர்ந்திராது. அது முற்றாக என் கணக்கில் நிற்பது.

எமது ஆசிரியர் கோடிட்ட கணக்கு எனது கொப்பியில் மாத்திரம் இருந்தது. உலகத்துக் கணக்குகளில், நாம் தவறாக எழுதிய வரியின்மேற் பிறரும் தம் கணக்கைக் கட்டியெழுப்பி விடுகின்றனர். அங்கே பிழையின் பிறப்பிடத்தைக் காண்பது பாதி வேலை. அதனைத் தொடுமுன் அதன்மேல் நிற்பவர் யார் யார் என்று பார்த்துக்கொள்வது மறுபாதி.