ரெஸ்யூமேல ராட்டினம்!

ஒரு சின்னக் கேள்வி. பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிற பையன், லீவுல ஒரு தீம் பார்க்ல போய் இன்டர்ன்ஷிப் பண்ணினா, நாளைக்கு அவன் வேலைக்கு அது உதவுமா? 'சான்ஸே இல்லை'ன்னுதானே சொல்றீங்க? எங்க அப்பாவும் அதையேதான் சொன்னார்.

"ராட்டினம் சுத்தறதுக்காடா உன்னை இன்ஜினீயரிங் சேர்த்தேன்?"

எங்க ஊர் பேத்துப்பாறை. கொடைக்கானல் போற வழியில பெருமாள்மலை வந்து உள்ளே போகணும். வாழை, காபி, பட்டர் ஃப்ரூட்னு பகல்ல பார்க்க ஜோரா இருக்கும். ராத்திரியானா யானை வரும். அப்பாவுக்குக் கொஞ்சம் தோட்டம். எனக்கோ ஆஸ்பத்திரி மெஷின் டிசைன் பண்ணணும்னு ஆசை.

மூணாவது வருஷம் முடியறதுக்குள்ள இன்டர்ன்ஷிப் காட்டணும். மெடிக்கல் கருவி செய்யற கம்பெனிகளுக்கு வரிசையா மெயில் தட்டினேன். ஒருத்தர்கூட பதில் போடலை. இன்னொரு ரூட் இருக்கு, உங்களுக்கும் தெரியும். ரூபாய் கட்டினா மூணு நாள் ஸ்லைடு ஓட்டுவாங்க, நாலாவது நாள் சர்டிஃபிகேட். ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேர் அதுலதான் போனாங்க. காசு இல்லாததால நான் போகலை. கடைசியில ஓகே சொன்னது மலைக்குக் கீழே இருக்கிற ஒரு தீம் பார்க். தங்க இடம், சாப்பாடு, கொஞ்சம் ஸ்டைபெண்ட். கிளம்பிட்டேன்.

முதல் பத்து நாள் அப்பா சொன்னதுதான் நிஜம்னு தோணுச்சு. லாக்கர் சாவி கொடுத்தேன், குழந்தைங்க உயரத்தை அளவுக் கம்பு வச்சுப் பார்த்தேன், "ஈர டிரஸ்ஸோட உள்ளே வராதீங்க சார்"னு கத்தினேன். இதுல இன்ஜினீயரிங் எங்கே இருக்கு?

பதினோராவது நாள் ரோலர் கோஸ்டர் பிளாட்ஃபாரத்துல போட்டாங்க. காலையில கேட் திறக்கறதுக்கு முன்னாடி வண்டியை ஆள் இல்லாம ஓட விடுவாங்க. பிரேக், சென்சார், போல்ட்னு லிஸ்ட் வச்சு ஒவ்வொண்ணா டிக் போடணும். தினமும் அதே லிஸ்ட், அதே டிக். வெறுத்துப் போய் வீட்டுக்கு போன் பண்ணிப் புலம்பினேன். அப்பா சிரிச்சார்.

"சோலார் வேலியில கரன்ட் இருக்கான்னு நான் தினம் சாயங்காலம் சுத்தி வந்து பார்க்கறேன்ல? யானை என்ன தினமுமா வருது?"

அப்புறம் லிஸ்ட்டைக் கொஞ்சம் மரியாதையோட பார்க்க ஆரம்பிச்சேன். அந்த ரைடோட பிரேக்கை மூடி வைக்கிறது ஸ்பிரிங். திறக்கத்தான் காத்தழுத்தம். காத்து போனா பிரேக் தானா பிடிச்சுக்கும். ஏர் பிரேக் லாரியை நிறுத்தி வைக்கிற ஹேண்ட் பிரேக்குக்கும் இதே லாஜிக்தான். கெட்டுப்போனாலும் ஆபத்தில்லாத பக்கமாவே கெட்டுப்போகணும். இதைப் புத்தகத்துல 'ஃபெயில் சேஃப்'னு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சிருக்கேன். கையால தொட்டுப் பார்த்தது அங்கேதான்.

இப்போ மேட்டருக்கு வர்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை, செம கூட்டம். எல்லா சீட்லயும் மடிக்கம்பியை இழுத்துப் பார்த்து நான் கட்டை விரலைக் காட்டினாத்தான் வண்டி கிளம்பும். ஒரு சீட்டுக்கு மட்டும் பச்சை லைட் வரலை. இழுத்துப் பார்த்தா கம்பி டைட்டாத்தான் இருந்த மாதிரி பட்டுச்சு. கியூவுல விசில். ஷிஃப்ட் பார்த்தவர், "சென்சார் சும்மா சீன் போடுது, விரலைக் காட்டு தம்பி. பைபாஸ்ல விட்டுடலாம்"னார்.

கை நடுங்குச்சு. சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடப் போறது அவர்தான். ஆனாலும் விரலைக் காட்டலை. "மெயின்டனன்ஸ் அண்ணன் வரட்டும் சார்."

இருபது நிமிஷம் வண்டி நின்னுச்சு. நான் வாங்கின திட்டை எழுதினா இந்தப் பக்கம் பத்தாது. மெயின்டனன்ஸ் அண்ணன் வந்து பிரிச்சுப் பார்த்தார். உள்ளே ஒரு ஹேர் கிளிப். லாக் பாதிதான் விழுந்திருக்கு! அவர் ஒண்ணும் பேசலை. கிளிப்பை என் கையில கொடுத்துட்டுப் போயிட்டார். யாரும் பாராட்டலை. மறுநாள் என்னைத் திரும்ப லாக்கருக்கு மாத்திட்டாங்க.

கையில வந்த சர்டிஃபிகேட்ல 'ஆபரேஷன்ஸ் இன்டர்ன்'னு ஒரே ஒரு வரி. அதை அப்படியே ரெஸ்யூமேல போட்டு ஒரு கம்பெனிக்குப் போனேன். அஞ்சே நிமிஷம். "ஓ, தீம் பார்க்கா"ன்னு சிரிச்சுட்டு அனுப்பிட்டாங்க.

அடுத்த கம்பெனிக்கு அந்த வரியை மாத்தி எழுதினேன்: 'பாதுகாப்பு லாக் சரிபார்ப்பு, சென்சார் எச்சரிக்கையில் ரைடை நிறுத்திய அனுபவம்.' இன்டர்வியூ பண்ணின மேடம் அதுலயே விரலை வச்சாங்க. முழுக்கதையும் கேட்டாங்க. நான் குஷியாகி, மருந்து ஏத்தற இன்ஃப்யூஷன் பம்ப்ல இருந்து டியூபைக் கழட்டினா, மருந்து மொத்தமா உள்ளே ஓடாம ஒரு கிளாம்ப் மூடிக்கும், அதுவும் இதே லாஜிக்தான்னு அடிச்சு விட்டேன். தலையை ஆட்டிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டாங்க பாருங்க...

"சந்தேகம் வந்ததும் ரைடை நிறுத்திட்டீங்க. வென்டிலேட்டரை நிறுத்துவீங்களா?"

டமால்! ராட்டினத்தை நிறுத்தினா எல்லாரும் பத்திரம். வென்டிலேட்டரை நிறுத்தினா பேஷன்ட் மூச்சே நின்னுடும். பார்க்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே மந்திரம் 'நிறுத்து'. அது இங்கே செல்லாது. யோசிச்சு யோசிச்சு, "அலாரம் அடிக்கணும், பேட்டரிக்கு மாறணும், அதுவும் போச்சுன்னா நர்ஸ் கையால அழுத்தற ஆம்பு பேக் பக்கத்துலயே இருக்கணும்"னு இழுத்தேன். "ம்ம்"னாங்க. ரிசல்ட் இன்னும் வரலை. வந்தா சொல்றேன்.

ஆனா ஒண்ணு புரிஞ்சுது. தீம் பார்க் எனக்கு மெடிக்கல் டிசைன் கத்துக்கொடுக்கலை. ஒரு நல்ல கேள்வியைக் கையில கொடுத்து அனுப்புச்சு. பதிலை என் புத்தகத்துலதான் தேடணும். பார்க் மட்டும் போயிருந்தா கேள்வியோட நின்னிருப்பேன். புத்தகம் மட்டும் படிச்சிருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

உடனே, "'டாய் ஸ்டோரி' எடுத்த ஜான் லாஸெட்டரே டிஸ்னிலேண்டுல படகு ஓட்டினவர்தான்"னு யாராவது உதாரணம் காட்டுவாங்க. நிஜம்தான். 1977-ல வோல்டேஜ் ஸ்டெபிலைசர் கம்பெனி ஆரம்பிச்ச கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, 2000-ல கொச்சியில வீகாலேண்ட் திறந்தார். இன்னைக்கு அது வொண்டர்லா. அதுவும் நிஜம். ஆனா லாஸெட்டர் மாதிரியே படகு ஓட்டின மத்தவங்க பேர் நமக்குத் தெரியாதே பாஸ்! படகு யாரையும் டைரக்டர் ஆக்கிடாது.

அதனால இந்த மாதிரி சம்பந்தமில்லாத இன்டர்ன்ஷிப் வந்தா ரெண்டே ரெண்டு விஷயம் பாருங்க. அங்கே நீங்க தப்பு பண்ணினா யாருக்காவது பாதிப்பு உண்டா? உண்டுன்னா கத்துக்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது, தினமும் ராத்திரி பத்து வரியாவது எழுதி வைங்க. என்ன பார்த்தேன், ஏன் அப்படி வச்சிருக்காங்க, என் சப்ஜெக்ட்ல இது எங்கே வரும்? எழுதலைன்னா ஒரு மாசத்துல லாக்கர் சாவி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ரெண்டுக்குமே 'இல்லை'ன்னா, தாராளமா வீட்டுல தூங்குங்க.

போன லீவுல ஊருக்குப் போனப்ப அப்பாகூட வேலியைச் சுத்தி வந்தேன். ஒரு இடத்துல கம்பி மேல வாழை மட்டை சாஞ்சு கிடந்துச்சு. நான் நின்னுட்டேன். "என்னடா?"ன்னார். "இதை எடுத்துட்டுப் போவோம்பா."

ராட்டினத்தைப் பத்தி அப்பா அப்புறம் ஒண்ணும் கேட்கலை. ஹேர் கிளிப் மட்டும் என் பென்சில் டப்பாவுல பத்திரமா இருக்கு!