லேபிள் ஒட்டிய கை

என் பேத்தி சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா படித்து, 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று சான்றிதழ் வாங்கிவிட்டாள். பொங்கலுக்கு ஏழாயிரம்பண்ணைக்கு வந்தவள், திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டினாள். ஸ்கூபாப்ரோ, அக்வாலங், மாரெஸ், க்ரெஸ்ஸி, ஏபெக்ஸ் என்று வரிசையாகப் பெயர்கள்.

"தாத்தா, சொந்தமா செட் வாங்கலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லது?"

நான் கிணற்றில் நீந்தியவன், கடலுக்குள் இறங்கியதில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. கம்பெனிப் பெயர் என்பதை ஆறு வயதிலிருந்து என் கையாலேயே ஒட்டியவன் நான். அவளுக்குச் சொன்னதை, முதன்முதலாகப் பெரிய பணம் போட்டு ஒரு கருவி வாங்கப் போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் அப்போது வீட்டுக்கு வீடு தீப்பெட்டிக்கூடு ஒட்டுவோம். மைதாவில் மயில்துத்தம் போட்டு அம்மா பசை காய்ச்சுவார். பெட்டியைச் செய்து அடுக்கினால், ஆலையிலிருந்து லேபிள் கட்டு வரும். ஒரு கட்டில் மிருகம், இன்னொன்றில் பூ, மற்றொன்றில் தெய்வம். மூன்றும் ஒரே பெட்டிக்குத்தான். உள்ளே போவதும் ஒரே குச்சி, ஒரே மருந்து. ஒரு லேபிள் வடக்கே ஒரு வியாபாரிக்கு, இன்னொன்று கேரளத்துக்கு. 'இந்த மார்க்தான் நன்றாகப் பற்றும்' என்று எங்கோ ஒரு கடையில் ஒருவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அதை ஒட்டிய எனக்குத் தெரியும், குச்சி நமுத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று.

கடலுக்கடியில் போகிற சாமானிலும் இது உண்டு. மூழ்குகிறவர்கள் மணிக்கட்டில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பெலாஜிக் பிரஷர் சிஸ்டம்ஸ் என்ற ஒரே நிறுவனம், ஓஷியானிக், ஏரிஸ், ஷெர்வுட் என்று பல பெயர்களுக்குச் செய்து கொடுத்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தொழில் நடக்கும் முறையே அப்படித்தான். வாங்குகிறவருக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். முதலில் கொண்டுவந்தது தொழில். மார்க் அதற்குப் பிறகு வந்தது. இத்தாலியில் 1946-ல் தொடங்கிய க்ரெஸ்ஸியும், 1949-ல் தொடங்கிய மாரெஸும், அமெரிக்காவில் 1963-ல் தொடங்கிய ஸ்கூபாப்ரோவும் இத்தனை வருஷம் நின்றிருக்கின்றன என்றால் சரக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம். சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி கொடுக்கும் ரெகுலேட்டருக்கு ஐரோப்பாவில் ஈ.என். 250 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள், மோட்டாருக்கு நம் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி. அந்தச் சோதனையில் தேறிய எந்தக் கருவியும் 18 மீட்டருக்குள், நம் கடலின் வெதுவெதுப்பான தண்ணீரில் இறங்குகிற புதியவருக்குத் தாராளமாகப் போதும். அந்த வரிசைக்குள் எது ஒசத்தி என்று ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை.

தூக்கம் கெட வேண்டிய கேள்வி வேறு. அது பழுதானால் யார் பார்ப்பார்?

இதை நான் பாடுபட்டுக் கற்றேன். வெடிமருந்து ஆலையில் போர்மேனாக இருந்தபோது, சேர்த்து வைத்த காசில் தோட்டத்துக் கிணற்றுக்கு ஒரு மோட்டார் வாங்கினேன். நம் வட்டாரத்தில் எல்லோரும் போடுகிற மோட்டார் வேண்டாம், பெரிய பெயர் உள்ளதாக இருக்கட்டும் என்று வெளி மாநிலத்துக் கம்பெனியாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு வருஷம் குறையில்லாமல் ஓடியது. மூன்றாம் வருஷம் பங்குனியில், மிளகாய் காய் பிடிக்கிற நேரத்தில் நின்றது. உள்ளே ஒரு புஷ் தேய்ந்திருந்தது. விரல் மோதிரம் அளவு சாமான். சாத்தூரில் இல்லை, கோவில்பட்டியில் இல்லை, மதுரையிலும் இல்லை. எழுதிப்போட்டு வருவதற்கு 19 நாள். கரிசல் அத்தனை நாள் காத்திருக்குமா? நிலம் பாளம் பாளமாக வெடித்து, செடி நின்ற நிலையிலேயே காய்ந்தது. பக்கத்துத் தோட்டத்தில் சாதாரண மோட்டார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அது பழுதானால் சாத்தூர் மெக்கானிக் சைக்கிளில் வந்து மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டுப் போவார். என் மோட்டாரில் குறையே கிடையாது. அதற்கு இந்த ஊரில் ஆள் இல்லை என்பதுதான் குறை.

தோட்டத்தில் அது ஒரு வெள்ளாமையோடு போயிற்று. கடலடியில் அப்படிப் போகாது. அதனால் அடுத்த மாதம் நானே அவளோடு புதுச்சேரிக்குப் போனேன்.

அங்கே கருவிகளைப் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் பொறுமையாக ஒரு ரெகுலேட்டரைப் பிரித்துக் காட்டினார். முதுகில் தொங்கும் சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கும். கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. சிலிண்டர் வாயில் மாட்டும் முதல் கட்டம் அந்த அழுத்தத்தை, சுற்றியுள்ள தண்ணீர் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கும். வாயில் கடித்திருக்கும் இரண்டாம் கட்டம், நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்து அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுக்கும். 10 மீட்டர் இறங்கினால் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம், 20 மீட்டரில் மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் அது தானாக அளந்து கொடுக்க வேண்டும். 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் கண்டுபிடித்த வித்தை இது.

பிரித்தபோது மேஜை விரிப்பில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு ஸ்பிரிங், ஒரு சீட், மிளகு அளவிலிருந்து வளையல் அளவு வரை ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஏழெட்டு. அதில் ஒரு ஓ-ரிங்கில் வெள்ளையாக ஒரு பொடி. உப்பு. "கடலிலிருந்து ஏறினதும் நல்ல தண்ணீரில் அலசும்போது, காற்று இணைக்காத நிலையில் இரண்டாம் கட்டத்துல இருக்கிற இந்தப் பொத்தானை அமுக்கிட்டாங்க ஐயா. வால்வு திறந்து தண்ணி உள்ளே போயிருச்சு" என்றார். முதல் கட்டத்துக்கு மூடியைப் போட்டுவிட்டு அலச வேண்டும், பொத்தானைத் தொடக்கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ கம்பெனி சொன்னபடி சர்வீஸ் செய்ய வேண்டும், அந்தக் கம்பெனியின் அசல் உதிரிப் பாகத்தைத்தான் போட வேண்டும். எனக்கு வெடிமருந்து அறை நினைவுக்கு வந்தது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. உள்ளே நுழையும்முன் வாசலில் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். பருத்தித் துணி உடுத்த வேண்டும். இரும்புச் சாமானுக்கு இடமில்லை. இவை எல்லாம் காசு அதிகம் ஆகாத காரியங்கள். உயிரைக் காத்தது இவைதான்.

அங்கிருந்து திரும்பி வருகையில் பேத்திக்கு நான் சொன்ன வரிசை இது.

முதலில் மாஸ்க் வாங்கு. பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழு. கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் அது உன் முகத்துக்கானது. எந்தப் பெரிய பெயராக இருந்தாலும், நிற்காவிட்டால் வைத்துவிடு. அடுத்தது உன் காலுக்குச் சரியான ஃபின். பிறகு டைவ் கம்ப்யூட்டர். அதன் எண்களைத் தண்ணீருக்கடியில் உன்னால் சட்டென்று படிக்க முடிகிறதா என்று பார். ரெகுலேட்டரையும் மிதவை ஜாக்கெட்டையும் இருபது தடவையாவது வாடகைக்கு எடுத்துப் பழகு. வெவ்வேறு கம்பெனிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார். உன் தாடை வலிக்கிறதா, தோள் அழுத்துகிறதா என்பது எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்காது.

அப்புறம் வாங்கு. வாங்கும்முன் மூன்றைக் கேள். இதைச் சர்வீஸ் செய்யப் பயிற்சி பெற்றவர், நீ அடிக்கடி இறங்குகிற இடத்தில் இருக்கிறாரா? அவரிடம் உதிரிப் பாகம் கையிருப்பு உண்டா? வரிசை எண்ணோடு பில் தருவார்களா? கம்பெனி ஏதாவது குறை கண்டு கருவியைத் திரும்ப அழைத்தால், அந்த எண்ணை வைத்துத்தான் உன் கருவியும் அதில் சேர்ந்ததா என்று அறிய முடியும். மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வருகிற பெயர்தான் உனக்கு நல்ல பெயர்.

நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு புதிதில்லை, பிள்ளைகளே. பக்கத்தில் வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில், 2022 முதல் தோண்டியபோது சங்கு வளையல்கள் கிடைத்தன. வைப்பாறு போய்ச் சேருகிற மன்னார் வளைகுடாவில் யாரோ ஒருவர் மூச்சடக்கி முங்கி எடுத்த சங்குதான் அந்த வளையலாகியிருக்கும். தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் காலில் மாட்டி இறங்குவார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிப்பவர் மச்சானாக இருப்பார், தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் கை தளரமாட்டார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தக் கயிறு, எந்த ஊர்க் கயிறு என்பதைவிட, பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்த்துத்தான் இறங்கியிருக்கிறார்கள்.

என் பேத்தி அந்தப் பட்டியலை அழித்துவிட்டாள். மாஸ்க்கும் ஃபின்னும் வாங்கினாள். வாடகை ரெகுலேட்டரோடு வருஷம் முழுக்க இறங்கினாள். போன வாரம்தான் சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கிறாள். என்ன கம்பெனி என்று நான் கேட்கவில்லை. அந்தத் தம்பி அதைப் பிரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓ-ரிங்கும் எங்கே உட்காருகிறது என்று பார்த்ததாகவும், கடைசித் திருகைத் தன்னிடமே கொடுத்து முடுக்கச் சொன்னதாகவும் போனில் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.