காரணம் சொல்லும் இலக்கணம்

நாற்பதைக் கடந்த வயதில் கொரிய மொழி இலக்கணத்தோடு மல்லுக்கட்டும் ஆசிரியரைக் கண்டால் மாணவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்? நம் மத்ரஸாவிலும் சிரித்தார்கள்.

2004 முதல் கொரியா நடத்திவரும் தொழில் அனுமதித் திட்டத்தில் இலங்கையரும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். அதற்கான மொழிப் பரீட்சைக்கு நம் சகோதரியின் மகன் படித்தபோது துணைக்கு அமர்ந்தோம். அவர் சித்தியடைந்து சென்றுவிட்டார். புத்தகங்கள் நம்மிடம் தங்கிவிட்டன. வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும், விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவதும் தமிழைப் போலவே இருந்தமையால் அடிப்படை நிலையை எளிதில் கடந்தோம். இடைநிலையிலேதான் அகப்பட்டுக்கொண்டோம்.

மழையால் பயிர் செழித்தது என்கிறோம். மழையால் பயிர் அழிந்தது என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ‘ஆல்’ ஒன்றே போதும். கொரியர் நன்மை விளைந்தால் ‘தொக்புனே’ என்பர்; அதில் நன்றியுணர்வு கலந்திருக்கும். தீமை விளைந்து பழி சுமத்துவதானால் ‘தாசே’ என்பர். எதிர்பாராத ஒன்று குறுக்கிட்டுக் காரியம் கெட்டால் ‘நுன் பராமே’. தாமே ஒரு செயலில் நேரத்தைச் செலவிட்டதால் மற்றொன்று தவறிப்போனால் ‘நுராகோ’. ஆண்டுதோறும் நஹ்வு பாடத்தில் ‘மஃபூல் லிஅஜ்லிஹி’யை நடத்தும் நமக்கே இந்தப் பாகுபாடு புதுமையாக இருந்தது.

ஒருநாள் ‘தாமதமானதால் மன்னிக்கவும்’ என்ற வாக்கியத்தை ‘நிக்கா’ என்னும் காரண விகுதியிட்டு எழுதி மருமகனுக்கு அனுப்பினோம். அவர் தொலைபேசியில் சிரித்தார். “மாமா, மன்னிப்புக் கேட்கும்போது ‘நிக்கா’ வராது. நீங்கள் உங்கள் பக்கம் நியாயம் பேசுவது போலிருக்கும். ‘ஒசொ’ விகுதியைப் போடுங்கள்” என்றார்.

அன்றிரவு வேறொரு தாமதம் நினைவுக்கு வந்தது. சில நாட்களுக்கு முன் மாணவர் ஒருவர் பிந்தி வந்து, “உம்மாவுக்குச் சுகமில்லை ஹஸ்ரத், தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பிந்திவிட்டது” என்றார். நாம் கேட்டு முடிக்கவில்லை. “சாக்குச் சொல்லாதே” என்று எல்லோர் முன்னிலும் அதட்டி, வாசலில் நிறுத்திவைத்தோம். அவர் சொன்னது கலப்பற்ற ‘நுராகோ’. ஒரு கடமையில் நேரம் போயிற்று, மற்றொன்று தவறிற்று, அவ்வளவே. அதை நம் செவி நியாயம் பேசும் ‘நிக்கா’வாகக் கேட்டது. விகுதிகளைப் பிரித்தறியப் பல மாதங்கள் பாடுபட்ட நாம், ஒரு பிள்ளையின் சொல்லைப் பிரித்தறிய ஒரு நிமிடம் ஒதுக்கவில்லை. பிறரைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளவேண்டும் என்று வாரந்தோறும் போதிப்பவரும் நாமே.

மறுநாள் வகுப்பில், முன்னர் எவர் முன்னிலையில் அதட்டினோமோ அவர்கள் முன்னிலையிலேயே அவரை அழைத்து, “அன்று உங்களை அவமதித்ததற்காக மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றோம். அன்று களைப்பாக இருந்தது, பாடம் பிந்திக்கொண்டிருந்தது என்றெல்லாம் நாவின் நுனிவரை வந்தது. ‘நிக்கா’வை விழுங்கிக்கொண்டோம்.

அவர் தலைகுனிந்து புன்னகைத்தார். உம்மாவின் சுகத்தை விசாரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம். நம் இலக்கணப் பயிற்சி இன்னும் முடியவில்லை, தவறுகளும் குறையவில்லை. ஆயினும், பிந்தி வரும் பிள்ளையின் வாக்கியத்தை இப்போது இறுதிவரை கேட்கிறோம். கொரிய மொழியிலும் தமிழிலும் வினை இறுதியில்தானே வருகிறது!