மலைப் பல்லியின் பலன்

வீட்டுச் சுவரில் கௌளி சொன்னால், உடனே பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் பார்க்கிறோம். அதைச் சொன்ன பிராணியைப் பற்றியோ சிறிதும் சிந்திப்பதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறியபொழுது இவ்வெண்ணம் நமக்கு உண்டாயிற்று. அடிவாரத்து வெப்பம் தணிந்து, இரண்டாயிரம் அடிக்கு மேலே குளிர்ந்த காற்று வீசிற்று.

மேற்கே அண்டையிலுள்ள சேர்வராயன் மலையில் வாழும் விரலளவேயான மெல்லிய பல்லி ஒன்றை, 1870-ஆம் ஆண்டில் பெட்டோம் என்னும் ஆங்கிலேய அதிகாரி உலகுக்கு அறிவித்தார். கொல்லிமலையிலும் பெங்களூரிலும் காணப்பட்டவையும் அதே இனமென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2019-இல் நம் நாட்டு விஞ்ஞானிகளே ஆராய்ந்து, அவை வெவ்வேறு இனங்கள் என்று நிலைநாட்டினர். குளிர்ந்த உயரங்களில் வாழும் இப்பிராணிகளுக்கு இடையிலுள்ள சமவெளி கடல் போன்றது. ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. ஆகவே ஒரு மலையின் காட்டை அழித்தால், அங்குள்ள பல்லி அடுத்த மலைக்குக் குடிபோக இயலாது. அதன் குலமே அற்றுவிடும்.

கல்வராயனும் அத்தகைய தனி மலையே. கள்ளக்குறிச்சி வயல்களுக்கு நீர் தரும் கோமுகி நதி பிறப்பதும் அங்கேதான். காடு போனால் பல்லிக்கு நிழல் இல்லை. நமக்கு நீரும் இல்லை. பல்லிப் பலன் பார்ப்பவர்கள் இந்தப் பலனையும் சற்றுப் பார்த்துக்கொள்வது நலம்.