ஹவானா: வீட்டு வாசலே மெக்கானிக் ஷெட்!

கியூபாவின் தலைநகர் ஹவானாவில், மாலெகோன் கடற்கரைச் சாலையில் வெயில் தாழும் நேரம். ரோஸ், ஆகாய நீலம், பச்சை எனப் பளபளக்கும் 1950-களின் செவர்லே, ஃபோர்டு, பியூக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சுற்றுலாப் பயணிகள் செல்போனைக் கீழே இறக்குவதே இல்லை.

அந்தக் கார்களின் இன்னொரு முகத்தைப் பார்க்க வேண்டுமா? இரண்டு தெரு தள்ளி உள்ளே போனால் போதும். வீட்டு வாசலில் ஒரு பழைய கார். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் டார்ச் பிடித்தபடி மகன் நிற்பான்.

இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இல்லை. 1959-ல் புரட்சி, 1962-ல் அமெரிக்காவின் முழு வர்த்தகத் தடை. அமெரிக்கக் கார்களோடு அவற்றின் ஸ்பேர் பார்ட்ஸும் வராமல் நின்றுபோயின. பிறகு சோவியத் யூனியனிலிருந்து லாடா, மாஸ்க்விச் கார்கள் வந்தன. பழைய செவர்லேக்குள் லாடாவின் பாகமும், வேறொரு வண்டியின் டீசல் இன்ஜினும் குடியேறின.

தலைவலியும் அங்கேதான் ஆரம்பம். அந்தக்கால அமெரிக்கக் காரின் நட்டு, போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. சோவியத் பாகங்கள் மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. 12-ம் நம்பர் ஸ்பேனர் அதில் நுழையாது. 13 போட்டால் லூஸ். கடல்காற்றின் உப்பில் துருவேறிய நட்டை அழுத்தித் திருகினால், அதன் முனை மழுங்கும், ஸ்பேனர் வழுக்கும், விரல் முட்டி பெயரும். பத்து நிமிட வேலை என்று படுத்தவர், இருட்டிய பிறகும் எழுந்திருக்க முடியாது. கிடைக்காத பாகத்தைக் கடைந்துதான் செய்ய வேண்டும்.

புதுக் கார் வாங்கிவிடலாமே? 2011 வரை, புரட்சிக்கு முன்பே நாட்டில் இருந்த கார்களை மட்டுமே சாதாரண மக்கள் தடையின்றி வாங்கவும் விற்கவும் முடிந்தது. 2014-ல் அரசு ஷோரூம்களில் புதிய கார்கள் விற்பனைக்கு வந்தபோது, பெஜோ 508 காரின் விலை சுமார் 2,62,000 டாலர். அப்போது அரசு ஊழியரின் சராசரி மாதச் சம்பளமோ சுமார் 20 டாலர்தான்!

அதனால்தான் அந்தக் கால்கள் காருக்கு அடியிலேயே கிடக்கின்றன. இந்தப் பழைய கார்களில் பல ஷேர் டாக்ஸியாக ஓடுகின்றன. உருண்டு திரண்ட உருவத்துக்காக ‘அல்மென்ட்ரோன்’, அதாவது ‘பெரிய பாதாம்’ என்று அவற்றுக்குச் செல்லப்பெயர். வண்டி ஒருநாள் நின்றால் வீட்டு வருமானமும் நின்றுவிடும். இரவோடு இரவாகக் கழற்றி மாட்டினால்தான் காலையில் சவாரி.

ஹவானா போகிறவர்கள் அந்தக் காரில் ஏறிப் பாருங்கள். உட்கார்ந்ததும் டிரைவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “கதவை மெதுவாகச் சாத்துங்கள்.”

சாத்துங்கள். அந்தக் கதவு கழன்றால், இன்றிரவும் அவருக்குத் தூக்கம் இல்லை.